கிளினிக் கவுண்ட்டர், மருத்துவ அலுவலக நிர்வாகம்: சிங்கப்பூரில் படிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளினிக் கவுண்ட்டரில் பல ஆண்டு உட்கார்ந்துவிட்டு, இப்போது புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், ஊரிலிருந்து அழைக்கும் உறவினர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிட்டேன்.

இந்த வேலைக்கு இங்கே என்ன பெயர்? விளம்பரத்தில் எதைத் தேடுவது?

'மெடிக்கல் ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று தேடினால் சிங்கப்பூரில் அதிகம் கிடைக்காது. அக்கம்பக்கத்து ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் இது 'கிளினிக் அசிஸ்டென்ட்'. மருத்துவமனையிலும் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) 'பேஷன்ட் சர்வீஸ் அசோசியேட்', சுருக்கமாக பிஎஸ்ஏ. வார்டில் உட்கார்ந்து தாள், தொலைபேசி, படுக்கை மாற்றம் எல்லாம் பார்ப்பவர் வார்டு கிளார்க். சிறப்பு மருத்துவரின் நாள்காட்டியைக் கையில் வைத்திருப்பவர் மெடிக்கல் செக்ரட்டரி. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு தனி. ஐந்துக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், அன்றாட வேலை வெகுவாக மாறும். ஆட்களோடு பேசப் பிடிக்காதவர் பிஎஸ்ஏ வேலைக்குப் போனால் ஒரு மாதம் தாங்க மாட்டார். அதே ஆள் பதிவேட்டுப் பிரிவில் சந்தோஷமாக இருப்பார்.

கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாமாமே? இங்கே எங்கே இருக்கிறது?

இங்கே இல்லை. கம்யூனிட்டி காலேஜ் என்பது அமெரிக்க ஏற்பாடு. உள்ளூர்க்காரர்கள் குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டுப் பட்டமோ, அதைவிடக் குறுகிய சான்றிதழோ பெறும் இடம். அங்கே இந்தப் படிப்பு நன்றாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவச் சொற்கள், காப்பீட்டுப் பில்லிங், குறியீடு, அலுவலக மென்பொருள், கடைசியில் ஒரு கிளினிக்கில் சில வாரப் பயிற்சி என்று போகும்.

சிங்கப்பூரில் அந்த இடத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி முடித்து நேராக வருபவர்களுக்கு ஐடிஇ இருக்கிறது. 1992-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக் கழகம் இப்போது அங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் ஆகிய மூன்று இடங்களில் நடக்கிறது. டிப்ளோமா வேண்டுமானால் பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்). உட்லண்ட்ஸில் உள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சுகாதாரச் சேவை நிர்வாகத்துக்கென்றே டிப்ளோமா இருக்கிறது. ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள், வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் எல்லாம் டபிள்யூஎஸ்க்யூ எனப்படும் ஊழியர் திறன் தகுதிச் சான்றிதழ் வகுப்புகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறார்கள். பகுதி நேரம், மாலை, சனிக்கிழமை என்று வளைந்துகொடுக்கும். இவை போக, தனியார் பள்ளிகள் கொடுக்கும் 'கிளினிக் அசிஸ்டென்ட்' சான்றிதழ்கள் வேறு. அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படித்துவிட்டு வேலைக்குப் போவதா, வேலைக்குப் போய்விட்டுப் படிப்பதா?

என்னைக் கேட்டால், உங்களுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது, டிப்ளோமா நோக்கம் இல்லை என்றால் முதலில் வேலை. பல ஜிபி கிளினிக்குகள் முன் அனுபவம் இல்லாதவரையும் எடுத்துக் கற்றுக்கொடுக்கின்றன. ஆறு மாதம் கவுண்ட்டரில் இருந்துவிட்டு வகுப்புக்குப் போனால், ஆசிரியர் சொல்வது ஒவ்வொன்றுக்கும் உங்கள் மனத்தில் ஒரு நோயாளியின் முகம் வரும். வெறும் தாளில் படித்தவருக்கு அது வராது. கட்டணத்தின் ஒரு பகுதியை முதலாளி கட்டவும் வாய்ப்புண்டு.

மருத்துவமனை பிஎஸ்ஏ வேலை மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே ஐடிஇ, டிப்ளோமா சான்றிதழ் இருந்தால் நேர்காணலுக்கு அழைப்பு வருவது எளிது.

கட்டணத்துக்கு என்ன உதவி?

25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2016-இல் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை, அதாவது பயிற்சிக் கட்டணத்துக்கான கிரெடிட், தொடங்கியது. 2024 மே முதல், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி. இந்த 4,000-ஐ எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது, குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். ஆகவே 'கிரெடிட் ஏத்துக்குவீங்களா?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'அந்த 4,000 வெள்ளிக்கு இந்த வகுப்பு தகுதியா?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

இது தவிர, அரசாங்க நிதி பெறும் டபிள்யூஎஸ்க்யூ வகுப்புகளில் கட்டணத்திலேயே கழிவு உண்டு: குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 50 விழுக்காடு வரை, 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை. நிரந்தரவாசிகளுக்குச் சிறப்புத்தொகை கிடையாது, கழிவு மட்டும்தான். வரிசை என்னவென்றால், முதலில் கழிவு, மிச்சத்துக்குச் சிறப்புத்தொகை, அதற்கும் மேலே இருந்தால் கைக்காசு. குறைந்த வருமானக் குடும்பம் என்றால் இந்தியர் சுய உதவி அமைப்பான சிண்டாவிடமும் கேட்டுப்பாருங்கள். கேட்பதால் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

இணையத்தில் அமெரிக்கக் கோர்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பாதி பயன்படும், பாதி படாது. உடலமைப்பு, மருத்துவச் சொற்கள், தொலைபேசி மரியாதை எல்லாம் எங்கும் ஒன்றே. ஆனால் அமெரிக்கப் பாடத்தின் முதுகெலும்பு அவர்களுடைய காப்பீட்டு முறை. தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, சிகிச்சைகளுக்கான சிபிடி குறியீடு, நோயாளி விவரங்களைக் காக்க 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் என்று பக்கம் பக்கமாகப் படிப்பீர்கள். இங்கே கவுண்ட்டரில் உட்கார்ந்ததும் ஒரு பாட்டி, மருத்துவக் கட்டணக் கழிவுக்கான சாஸ் அட்டையை நீட்டுவார். அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

சென்னையில் மெடிக்கல் கோடிங் படித்து, சிபிசி தேர்விலும் தேறியிருக்கிறேன். சிங்கப்பூரில் எடுப்பார்களா?

இந்தக் கேள்வி மாதந்தோறும் வருகிறது. கேட்பவர்களின் உழைப்பு தெரிந்ததால் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கும். சிபிசி என்பது அமெரிக்கப் பில்லிங்குக்கான தேர்வு. சென்னை, கோவை அலுவலகங்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக வேலை செய்கின்றன. அதனால் அங்கே அதற்கு மதிப்பு. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கர்கள் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம், உலக நோய்க் குறியீட்டுப் பட்டியலை அவர்களுக்கென்று திருத்திய பதிப்பு. சிங்கப்பூர் மருத்துவமனைகள் ஆஸ்திரேலியத் திருத்தப் பதிப்பைப் பின்பற்றுகின்றன. அறுவை சிகிச்சைகளுக்கோ சுகாதார அமைச்சின் தனிப் பட்டியல் உண்டு. 1ஏ முதல் 7சி வரை தரம் பிரித்திருப்பார்கள். மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்தத் தரத்தைப் பொறுத்தது.

நோயைப் படித்துக் குறியீடாக மாற்றும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, அது வீண்போகாது. ஆனால் இங்கே அந்த இடங்கள் குறைவு. வெளிநாட்டிலிருந்து அதற்கென்று ஆளெடுப்பார்கள் என்று நம்பி யாரிடமும் ஏஜென்ட் கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

முதலில் மருத்துவச் சொற்கள். எல்லோரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் இது எளிது. சொல்லைத் துண்டு துண்டாக உடைக்கத் தெரிந்தால் போதும். கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் வீக்கம் அல்லது அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது, 'ஸ்கோப்பி' வந்தால் உள்ளே விட்டுப் பார்ப்பது. 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. இந்தக் கடைசி இரண்டையும் தொலைபேசியில் கேட்டு எழுதும்போது மட்டும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓர் எழுத்துச் சத்தத்தில் உயர் ரத்த அழுத்தம் தாழ் ரத்த அழுத்தமாகிவிடும்.

அப்புறம் மருந்துச் சீட்டுச் சுருக்கங்கள்: ஓஎம் காலை, ஓஎன் இரவு, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, பிஆர்என் தேவைப்பட்டால். தொற்றுத் தடுப்பு, கைகழுவும் முறை, முதலுதவி, கோபக்கார நோயாளியைச் சமாளிப்பது, பில், முன்பதிவு. மென்பொருளை வகுப்பில் மேலோட்டமாகக் காட்டுவார்கள். கிளினிக்குக்குக் கிளினிக் அது மாறும். ஓரிடத்தில் பிளேட்டோ, இன்னோரிடத்தில் கிளினிக் அசிஸ்ட், பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் எபிக். ஒன்றில் கை பழகினால் அடுத்தது சில நாளில் வந்துவிடும். ஆகவே 'எந்த மென்பொருள் கற்றுத் தருவீர்கள்' என்பதை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 'நேரடிக் கிளினிக் பயிற்சி உண்டா, எத்தனை மணி நேரம்' என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

வகுப்பில் போதாமல் போவது எது?

காசு விஷயம். அதாவது யாருக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு கழியும் என்பது. இதைப் பாடமாக நடத்துகிறார்கள்தான், ஆனால் கவுண்ட்டரில் அது வரும் வேகம் வேறு.

சாஸ் அட்டையிலிருந்து தொடங்கலாம். நீலம், ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிறம். குடிமக்களுக்கு மட்டும். வருமானத்தைப் பொறுத்து நிறம். பச்சை 2019 நவம்பரில் வந்தது. அதிலிருந்து குடிமக்கள் யாராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பச்சை அட்டைக்குச் சாதாரணச் சளி, காய்ச்சலுக்குக் கழிவு இல்லை. நாள்பட்ட நோய்க்குத்தான் உண்டு. நீலத்துக்குச் சாதாரண நோய்க்கு 18.50 வெள்ளி வரை, ஆரஞ்சுக்கு 10 வெள்ளி. 1949 அல்லது அதற்கு முன் பிறந்த முன்னோடித் தலைமுறைக்கு 28.50, 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறைக்கு 23.50. அந்த இரு தலைமுறை அட்டைகளுக்கும் வருமானம் பார்ப்பதில்லை.

இப்போது ஒரு திங்கட்கிழமைக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பன்னிரண்டு பேர். முன்னால் நிற்பவர் பச்சை அட்டையை நீட்டி, 'போன தடவை என் பொண்டாட்டிக்குக் கழிச்சீங்களே, எனக்கு ஏன் இல்ல?' என்கிறார். மனைவி வந்தது சர்க்கரை நோய்க்கு, இவர் வந்திருப்பது தொண்டை வலிக்கு. இதை அவருக்குப் புரியும்படி, பின்னால் நிற்பவருக்கு அவர் மனைவியின் நோய் என்னவென்று தெரியாதபடி, அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். 'ஐயா, இன்னைக்கு வந்த காரணத்துக்குப் பச்சை அட்டையில கழிவு கிடையாது, நாள்பட்ட நோய்க்கு மட்டும்தான்' என்றால் போதும். மனைவியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

அடுத்தது மெடிசேவ். 'மெடிசேவ்ல கழிச்சுக்கங்க' என்று காய்ச்சலோடு வருபவரும் சொல்வார். தனியார் கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சலுக்கு மெடிசேவ் எடுக்க முடியாது. நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற, திட்டத்தில் உள்ள நாள்பட்ட நோய்களுக்கு எடுக்கலாம். 2021-இல் இதற்கான ஆண்டு வரம்பைச் சிக்கலான நோய்நிலைக்கு 700 வெள்ளியாக உயர்த்தினார்கள், மற்றவர்களுக்கு அப்போது 500 வெள்ளி. முன்பு எல்லோருமே பில்லில் 15 விழுக்காட்டைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. 2024-இல், குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் தாங்கள் பதிந்த கிளினிக்குக்கே வருபவர்களுக்கு அது நீக்கப்பட்டது. மகன், மகள் கணக்கிலிருந்து அப்பா அம்மாவுக்கு எடுக்கலாம், ஆனால் கணக்கு வைத்திருப்பவரின் ஒப்புதல் வேண்டும். மகனுக்குத் தெரியாமல் அம்மா அவர் அடையாள எண்ணைச் சொல்லிவிட்டுப் போவதெல்லாம் நடக்கும். பதிந்துவிடாதீர்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி வந்த பிறகு கவுண்ட்டர் வேலை கூடியிருக்கிறது. பதிவு, நினைவூட்டல், தடுப்பூசிக் கணக்கு என்று. மூத்தோர் பலருக்கு ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

இன்னொன்று. கழிவுக் கோரிக்கைகளைச் சுகாதார அமைச்சு தணிக்கை செய்கிறது. தவறாகக் கோரிய கிளினிக்குகளைத் திட்டத்திலிருந்து இடைநீக்கமும் செய்திருக்கிறது. 'பரவாயில்ல, நாள்பட்ட நோய்னு போட்டுடு' என்று யார் சொன்னாலும் பதியாதீர்கள். உங்கள் பயனர் பெயர்தான் அங்கே இருக்கும்.

பெயர் பதிவதில் என்ன கஷ்டம்?

நம்மவர்கள் பெயரில் இருக்கிறது! அடையாள அட்டையில் 'கிருஷ்ணன் த/பெ ராமசாமி' என்பதுபோல ஆங்கிலத்தில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த சீன, மலாய்ச் சக ஊழியர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து 'மிஸ்டர் ராமசாமி' என்று அழைப்பார். அந்த மனிதரோ தன்னை அழைக்கிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அப்பா எப்போதோ காலமாகியிருப்பார். அதே வட்டாரத்தில் இன்னொரு கிருஷ்ணன் நிச்சயம் இருப்பார், பிறந்த ஆண்டும் நெருங்கியே இருக்கும்.

அதனால்தான் இரண்டு அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று வகுப்பில் அடித்துச் சொல்வார்கள்: முழுப்பெயர், கூடவே அடையாள அட்டை எண் அல்லது பிறந்த தேதி. எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 'நீங்கதானே கிருஷ்ணன்?' என்று கேட்டால் காது மந்தமான தாத்தா எதற்கும் தலையாட்டுவார். 'உங்க முழுப்பேரைச் சொல்லுங்க ஐயா, பிறந்த தேதி என்ன?' என்று கேட்டால் அவரே சொல்லியாக வேண்டும். மருந்து கொடுக்கும்போது மறுபடியும் அதே கேள்வி. 'இப்பத்தானே கேட்ட?' என்று சலித்துக்கொள்வார்கள். கேளுங்கள்.

2019 செப்டம்பர் 1 முதல் கடைகள், நிறுவனங்கள் தேவையில்லாமல் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது. அதைச் சொல்லிக் கிளினிக்கிலும் சிலர் தர மறுப்பதுண்டு. சட்டப்படி தேவைப்படும் இடங்களுக்கு விலக்கு உண்டு, சிகிச்சை பெறும் இடம் அதில் அடங்கும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

மருந்தும் நாங்களே கொடுக்க வேண்டுமா?

ஜிபி கிளினிக்கில் ஆமாம். இங்கே பெரும்பாலான ஜிபிகள் மருந்தைத் தங்கள் கிளினிக்கிலேயே தருகிறார்கள். மருத்துவரின் பொறுப்பில், அவர் பதிந்ததைப் பார்த்து நீங்கள் எடுத்து, எண்ணி, லேபிள் ஒட்டி, விளக்கிக் கொடுப்பீர்கள். அமெரிக்கப் பாடத்தில் இது அநேகமாக இருக்காது, ஏனென்றால் அங்கே மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள்.

பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துகள்தான் பெரிய ஆபத்து. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமித்தொற்றுக்கு. அலமாரியில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத கிளினிக் நல்ல கிளினிக். ஒவ்வாமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் நோயாளிகள் 'மூணு வேளைன்னா எப்படி?' என்று கேட்பார்கள். நீங்களாக நேரத்தை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் எழுந்து போய்க் கேட்டு வந்து சொல்லுங்கள்.

ரகசியம் காப்பது பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

2018 ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், பொதுத்துறை மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் தகவல் தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் களவு போயின. அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். அதையடுத்து பொதுத்துறை மருத்துவமனைகளின் வேலைக் கணினிகளில் இணைய உலாவலைத் துண்டித்தார்கள். பெரிய கதை அது. ஆனால் கவுண்ட்டரில் நடக்கும் கசிவுகளுக்குக் கணினித் திருடன் தேவையில்லை.

நம் சமூகம் சின்னது. கவுண்ட்டருக்கு வருபவர் உங்கள் கோயில் நண்பராக, பிள்ளையின் தமிழாசிரியராக, மாமியாரின் சிநேகிதியாக இருப்பார். தேக்காவில் காய்கறி வாங்கும்போது பார்த்து 'இப்ப உடம்பு எப்படி இருக்கு?' என்று நீங்கள் நல்லெண்ணத்தில் கேட்டால்கூட, பக்கத்தில் நிற்கும் அவர் தங்கைக்கு அது செய்தி. அவராகப் பேச்செடுத்தால் ஒழிய, கிளினிக்கில் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். அவர் கோப்பைத் தேவையில்லாமல் திறந்து பார்ப்பதும் தவறு. யார் எதைத் திறந்தார் என்று மென்பொருள் பதிந்துவைக்கும்.

தொலைபேசியில் 'நான் அவர் மனைவி, ரிசல்ட் என்ன?' என்று கேட்டால் பதில் இல்லை. முதலாளி அழைத்து 'இந்த எம்சி நிஜமா?' என்று மருத்துவ விடுப்புச் சான்றைப் பற்றிக் கேட்டால், அந்தத் தாள் உங்கள் கிளினிக் தந்ததுதானா என்பதை மட்டும் உங்கள் கிளினிக்கின் நடைமுறைப்படி உறுதிசெய்யலாம். என்ன நோய் என்பது அவருக்குத் தேவையில்லாதது. எம்சியில் தேதியை முன்தள்ளச் சொல்லி உங்களிடம் கெஞ்சுபவர்களும் வருவார்கள். எம்சி மருத்துவருடையது. நீங்கள் பேரம் பேசும் பொருள் இல்லை.

தமிழ் தெரிந்தது வேலைக்கு உதவுமா?

நன்றாகவே உதவும். தமிழ் மட்டும் பேசும் மூத்தோர் இன்னும் இருக்கிறார்கள். 'இனிப்பு நீர் இருக்கு', 'நெஞ்சு கரிக்குது', 'கிறுகிறுப்பு' என்று அவர்கள் சொல்வதைச் சரியாக மருத்துவரிடம் சேர்க்க ஆள் வேண்டும். ஆனால் எல்லை தெரிந்திருக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி சேர்ப்பது உங்கள் வேலை. 'பாட்டிக்குக் கேஸாகத்தான் இருக்கும்' என்று நீங்களே சுருக்கக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது என்று காதில் விழுந்தால் வரிசை எண்ணை மறந்துவிட்டு உடனே உள்ளே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் வரும் கிளினிக்காக இருந்தால் உங்கள் தமிழுக்கு இன்னும் வேலை. கட்டுமானத் தளத்திலிருந்து சூப்பர்வைசர் கூடவே வருவார். நோயாளிக்குப் பதில் அவரே பேசுவார். செலவை ஏற்பதாகக் கம்பெனி தரும் எல்ஜி கடிதம் இருக்கிறதா, யார் கட்டுவது என்ற பேச்செல்லாம் அவரோடு பேசலாம், அது நியாயம். ஆனால் கையில் அடிபட்டது எப்படி என்பதை அந்தத் தம்பி வாயால்தான் கேட்க வேண்டும், முடிந்தால் தனியாக. 'எம்சி வேணாம், லைட் டியூட்டி போட்டுக் குடுங்க' என்று கவுண்ட்டரில் அழுத்தம் கொடுப்பார்கள். 'டாக்டர்தான் முடிவு பண்ணணும்' என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்குத் தன் எம்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லி அனுப்புவது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யுங்கள்.

கணவர் இங்கே வேலை பார்க்கிறார், நான் டிபி (குடும்பத்தினருக்கான டிபென்டன்ட்ஸ் பாஸ்) அட்டையில் இருக்கிறேன். படித்தால் வேலை கிடைக்குமா?

படிக்கத் தடையில்லை. ஆனால் 2021 மே முதல், டிபி வைத்திருப்பவர் வேலைக்குச் சேர வேண்டுமானால் முதலாளி அவருக்கென்று தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். முன்புபோல் ஒப்புதல் கடிதம் மட்டும் போதாது. கிளினிக் முகப்பு வேலைக்கு அப்படி எடுக்க முன்வரும் முதலாளிகள் குறைவு. கணவர் குடிமகன் அல்லது நிரந்தரவாசி, நீங்கள் நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறீர்கள் என்றால் கதை வேறு, வழி திறந்திருக்கிறது. எந்த அட்டை என்பதைப் பார்த்துவிட்டு, மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் விதியைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் கட்டணம் கட்டுங்கள். டிபி அட்டையில் இருப்பவருக்குக் கழிவும் கிடைக்காது, முழுக் கட்டணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு 47 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனிமேல் முடியுமா?

முடியும். ஜிபி கிளினிக் கவுண்ட்டர்களைச் சுற்றிப் பாருங்கள், பாதிப் பேர் உங்கள் வயதில்தான் இருப்பார்கள். நோயாளிகளுக்கும் அது பிடிக்கும். கால் வலி இல்லாமல் நிற்க முடியுமா, தட்டச்சு வேகம் எப்படி என்பவைதான் பார்க்க வேண்டியவை. தட்டச்சு வராவிட்டால் வகுப்பு தொடங்கும் முன்பே வீட்டில் பழகுங்கள்.

ஆங்கிலம் எந்த அளவுக்கு வேண்டும்?

வகுப்பு, தேர்வு, மென்பொருள் எல்லாமே ஆங்கிலம். சரளமாகப் பேசுவதைவிடத் தவறில்லாமல் படிப்பதும் எழுதுவதும் முக்கியம். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பல டபிள்யூஎஸ்க்யூ வகுப்புகள் டபிள்யூபிஎல்என் என்ற எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வின் முடிவை ஏற்கின்றன. வகுப்புக்கு வகுப்பு எந்த நிலை வேண்டும் என்பது மாறும். கூடவே கொஞ்சம் மலாய், நாலைந்து ஹொக்கியன், மாண்டரின் வார்த்தைகள் தெரிந்தால் கவுண்ட்டரில் உங்களை எல்லோருக்கும் பிடித்துப்போகும்.

நேரம், சம்பளம்?

ஜிபி கிளினிக்கில் காலை, மதியம், இரவு என்று அமர்வுகள். நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி விழும். வீடு பக்கத்தில் இருந்தால் வரம், தூரமாக இருந்தால் சாபம். சனிக்கிழமை வேலை சாதாரணம். பலதுறை மருந்தகம் அலுவலக நேரத்துக்கு நெருக்கம். மருத்துவமனை அவசரப் பிரிவு முகப்பு என்றால் இரவு ஷிஃப்டும் உண்டு.

சம்பளத்தைக் கேட்கும்போது எண்ணை மட்டும் கேட்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி, ஓவர்டைம் உண்டா, பொது விடுமுறையில் திறந்தால் என்ன என்பதையும் கேளுங்கள். மாதம் 2,600 வெள்ளிக்குள் அடிப்படைச் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியருக்கு வாரம் 44 மணி நேரம் என்ற வரம்பும், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைமும் வேலைச் சட்டத்தில் இருக்கின்றன. 'எங்க கிளினிக்கில் ஓவர்டைம் பழக்கமில்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் நீங்களும் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லலாம்.

தனியார் பள்ளியில் சேர்வதானால்?

பதிவு செய்த பள்ளியா, தனியார் பள்ளிகளுக்கான எடுடிரஸ்ட் தரச் சான்று உண்டா, கட்டணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் மனம் மாறினால் விலகும் கால அவகாசம் எழுதப்பட்டிருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'நூறு சதவீதம் வேலை நிச்சயம்' என்று சொன்னால், கடந்த முறை படித்தவர்கள் எந்தக் கிளினிக்குகளில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல பள்ளி பதில் சொல்லும். கெட்ட பள்ளி இன்னொரு தள்ளுபடி தரும்.

இதிலிருந்து தாதிமைக்கு (நர்சிங்) போகலாமா?

போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கவுண்ட்டர் அனுபவம் தாதிமைப் படிப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்படாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிர்வாகப் பக்கமே மேலே போக வேண்டுமானால் மூத்த பிஎஸ்ஏ, கிளினிக் மேலாளர், செயல்பாட்டு நிர்வாகி என்று படி இருக்கிறது. டிப்ளோமா அங்கேதான் கைகொடுக்கும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பாடத்திலிருந்து குறைவாகத்தான் கேட்பார்கள். ஒரு நிலைமையைச் சொல்லி, 'என்ன செய்வீர்கள்?' என்பார்கள். 'ஒருவர் ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார், கத்துகிறார். அதே நேரம் தொலைபேசி அடிக்கிறது. ஓர் அம்மா காய்ச்சல் பிள்ளையோடு உள்ளே வருகிறார். முதலில் யார்?' பிள்ளையைப் பார்க்க வேண்டும். எப்படி இருக்கிறது, சுறுசுறுப்பா, துவண்டு கிடக்கிறதா என்று. அடுத்து கத்துபவரிடம் இன்னும் எத்தனை பேர் முன்னால் என்று உண்மையான எண்ணைச் சொல்ல வேண்டும், 'கொஞ்ச நேரம்' என்று சொல்லக் கூடாது. தொலைபேசியில் அழைத்தவரின் எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப அழைக்கலாம். இந்த வரிசையை நீங்கள் மாற்றிச் சொன்னாலும் பெரும்பாலும் பரவாயில்லை. ஏன் அப்படி என்று காரணம் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது தடுப்பூசிப் பதிவுகளைக் கையோடு கொண்டுபோங்கள். தட்டம்மை, ஹெப்படைடிஸ் பி போட்டதற்கான சான்று இருந்தால் சேரும் தேதி தள்ளிப்போகாது. ஊரில் போட்ட ஊசிக்குத் தாள் இல்லை என்றால் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லலாம். அந்தச் செலவு யாருடையது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.